வாசித்தேன், சம்மதித்தேன்

ரூ பெர்தொனே, பாரிஸ் 10
வியாழன் தொடங்கி ஞாயிறு முடித்தது

பெருமதிப்புக்குரிய சம்பந்தி நன்னித்தம்பி அவர்களுக்கும் அவர் துணைவியாருக்கும், தில்லையம்பலம் கைகூப்பி எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. லாச்சப்பல் மெத்ரோ வாசலில் சனம் நிற்பதுபோல, ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்குமாய் நிற்கின்றன. ஒரு 'ஞ' போட எனக்கு ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் வேண்டும். அந்த எழுத்தைத் தவிர்த்துவிடலாம் என்றால், 'கொஞ்சம்' என்ற சொல் இல்லாமல் ஒரு மனிதன் சம்பந்திக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

நானும் கோசலையும் சுகம். நீங்களும் சுகம் என்று மகள் மிருணாளினி சொல்லித் தெரியும். நீங்களே சொல்லித் தெரிந்து இரண்டு வருடமாகிறது. என் இலக்கத்தைக் கண்டால் நீங்கள் ரெலிபோனை எடுப்பதில்லை என்பதும் தெரியும். அதனால்தான் கடிதம். ரெலிபோன் என்றால் அடித்து ஓய்ந்துவிடும். கடிதம் ஓயாது, லெ பிளாங்-மெனிலில் உங்கள் மேசையில் கிடந்துகொண்டே இருக்கும். தேத்தண்ணி குடிக்கும்போது கை தன்பாட்டில் எடுத்துப் பிரித்துவிடும்.

கையில் பேனா இருக்கிற தைரியத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன பங்குனி வரைக்கும் எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. இப்போது எழுபத்து நான்கு வயது. ஆறு வயதில் என்னை ஆட்டுக்குப் பின்னால் விட்டார்கள், அதற்குப் பிறகு எதற்காவது பின்னால் போய்க்கொண்டே இருந்துவிட்டேன், கடைசி முப்பத்தொரு வருடம் ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவும் மெசினுக்குப் பின்னால். சலூனில் நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு 'சீ, என்ன காலமடா இது' என்று சொல்வதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் எந்த இடத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறாரோ, அந்த இடத்தைப் பார்த்து நானும் சுளிப்பேன். ஒருநாள் நான் அப்படிச் சுளித்தது ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்து; அவருக்குப் பல்வலியாம். இது கோசலைக்கு மட்டும் தெரிந்த இரகசியம். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இங்கே மளிகைக்கடைக்கு மேலுள்ள அறையில் அருள்மலர் ரீச்சர் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடத்துகிறார். நான் முதல்நாள் போய் நின்றபோது, "ஐயா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். "இல்லைப் பிள்ளை, பேத்திதான் என்னைக் கொண்டுவந்து விட்டிட்டுப் போகுது" என்றேன். இப்போது என்னால் தெருவில் சும்மா நடக்க முடிவதில்லை, சம்பந்தி. முப்பது வருடமாக வாய்மூடி நின்ற கடைப்பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டன. புது முருங்கைக்காய் வந்திருக்கிறது என்கிறது ஒன்று. சேலைக்கு ஓரம் அடித்துத் தரப்படும் என்கிறது இன்னொன்று. கூப்பிட்டுச் சொல்வதைக் கேட்காமல் போவது மரியாதை இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போகிறேன். காலையில் கறிவேப்பிலைக்குப் போனால் மத்தியானம் வந்து சேர்கிறேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். விசயம் சீதன வீடு.

பதினெட்டு வருடத்துக்கு முன் மிருணாளினிக்கும் உங்கள் சஞ்சீவனுக்கும் கலியாணம் பேசியபோது நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பிள்ளைக்கு வீடு இருக்கோ?" நியாயமான கேள்வி. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம், பாரிசுக்கு வந்துவிட்டால் மட்டும் பிள்ளை வெளியில் படுக்குமா? "ஓம் சம்பந்தி, கடற்கரையிலை வீடு" என்றேன். சொல்லும்போது வீடு இல்லை. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில், நல்ல வாசனை பூசிய ஒரு மனிதர் எனக்கு ஒரு படப் புத்தகம் காட்டியிருந்தார். நோர்மண்டிக் கடற்கரையில், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற பெரிய வெள்ளைக் கட்டடம். அதில் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு பல்கனி என்னுடையது. வாங்கிய கையோடு அதை ஒரு கொம்பனிக்கு ஒன்பது வருடக் குத்தகைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொம்பனி ஆட்களை வைத்து நடத்தி வாடகை தரும். அவர் இவ்வளவையும் சொன்னார்தான். நான் படத்தில் இருந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வீடு உங்களுடையது மிசியு' என்பது மட்டும் கேட்டது, மிச்சமெல்லாம் அலைச் சத்தம்போலக் காதில் பட்டுப் போய்விட்டது.

உறுதி முடிக்கும் நொத்தாரிசு கந்தோரில் என் முன்னால் நாற்பத்தொரு பக்கம் வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில், 'வாசித்தேன், சம்மதித்தேன்' என்று சொந்தக் கையால் பிரெஞ்சில் எழுத வேண்டுமாம். அது இந்த நாட்டு வழக்கம். நான் அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டச் சொல்லி, பார்த்துப் பார்த்துப் படம்போல வரைந்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. என் எழுத்து அழகாக இருக்கிறது என்று நொத்தாரிசு மெச்சினார். வாசிக்கத் தெரியாதவன் 'வாசித்தேன்' என்று வரைந்து வாங்கிய வீடுதான் உங்கள் மருமகளின் சீதன வீடு.

கலியாணத்தன்று வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தாம்பாளத்தில் வைத்துத் தந்தேன். நீங்கள் தாம்பாளத்தில் சாவியைத் தேடிவிட்டுக் காதுக்குள் கேட்டீர்கள்.

"சம்பந்தி, திறப்பு எங்கை?"

"திறப்பு கொம்பனியிட்டை."

"எப்ப தருவினம்?"

"ஒன்பது வருசத்தாலை."

அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் அடித்தார்கள். இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

பிறகு ஓர் ஆடி மாதம் நாங்கள் இருவரும் ரயிலேறிப் போய்ப் பார்த்தது உங்களுக்கு மறந்திருக்காது. வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டது. நான் வீட்டுக்காரன் என்றேன். மிகவும் சந்தோசம், ஆனால் இடம் நிரம்பிவிட்டது என்றது. வெளியே வந்து புல்லில் நின்று அண்ணாந்து பார்த்தோம். இரண்டாம் மாடிப் பல்கனியில் ஒரு வெள்ளைக்காரர் சிவப்புத் துவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் சம்பந்தி உது, எங்கடை பல்கனியிலை?" என்று கேட்டீர்கள்.

"வாடகைக்கு வந்த ஆளாக்கும்."

"நாங்கள் ஆரெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரிய நியாயமில்லை."

"கையை ஆட்டுறார் சம்பந்தி."

"அப்ப நாங்களும் ஆட்டுவம்."

ஆட்டினோம். அதுதான் அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த குடிபூரல் சடங்கு.

ஒன்பது வருடம் முடிய வந்தது. குத்தகையை நிறுத்துவதென்றால் ஆறு மாதம் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும், ஒருநாள் பிந்தினாலும் இன்னும் ஒன்பது வருடம் என்று சஞ்சீவன் வாசித்துச் சொல்லி, அறிவித்தலையும் எழுதித் தந்தான். கோசலை அதைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அனுப்பக் கிளம்பிய நேரம் உங்கள் ரெலிபோன் வந்தது. "சம்பந்தி, இண்டைக்கு அட்டமி, நாளைக்கு நவமி. வீட்டு அலுவல், விளையாட்டில்லை. ஒன்பது வருசம் பொறுத்தனாங்கள், இன்னும் ரெண்டு நாள் பொறுக்கேலாதோ?" பொறுத்தோம். தசமியன்று, நீங்கள் குறித்துத் தந்த நல்ல நேரத்தில், வலதுகாலை முன்வைத்துத் தபாற்கந்தோருக்குப் போய்ச் சேர்ப்பித்தேன். ஒருநாள் பிந்திவிட்டது என்று கொம்பனி பதில் போட்டது. அவர்களிடம் பஞ்சாங்கம் இல்லை. இதை உங்கள் பிழை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கோசலைதான் சொல்வாள், அதுவும் மீன் வெட்டும்போது மட்டும்.

அடுத்த ஒன்பது வருடமும் முடிய வந்தபோது, எங்களைப்போல மாட்டுப்பட்டவர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் அந்தக் கூட்டத்துக்குப் போனோம். தலைவி மதாம் ஷார்லோத்துக்கு அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. பாவம், அவருக்கும் திறப்பு இல்லை. வந்திருந்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்: கொம்பனி அங்கே வியாபாரம் நடத்துகிறது, வெளியேறச் சொன்னால் அதற்கு வரும் நட்டத்துக்கு வீட்டின் சொந்தக்காரர்தான் ஈடுகொடுக்க வேண்டும். நான் அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். நீங்கள் கோப்பியைக் கீழே வைத்தீர்கள்.

"என்ன கதை கதைக்கிறியள்? என்ரை மருமகளின்ரை வீட்டாலை அவன் எழும்பிப் போக, நாங்கள் அவனுக்கு அள்ளிக் குடுக்கிறதோ?"

"நான் சொல்லேல்லைச் சம்பந்தி, அவர் சொல்லுறார்."

"கையெழுத்து வைச்சது நீங்கள்தானே! ஒருக்கா வாசிச்சுப் பாத்திருந்தா உது நடக்குமோ? சரி, திறப்பு என்ரை கையிலை வந்தாப்பிறகு கதைப்பம்!"

அப்படியே எழுந்து போனீர்கள். அன்று போனவர்தான். மிருணாளினி தீபாவளிக்கு இரண்டு தடவை சமைக்கிறாள், மத்தியானம் உங்களுக்கு, பின்னேரம் எங்களுக்கு. பியர்ஃபித்தில் அவர்கள் வீட்டுப் படியில் உங்கள் சத்தம் கேட்டால் நாங்கள் கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறோம். போன தீபாவளிக்குப் பிள்ளை எங்களுக்குப் பரிமாறும்போது, "அப்பா, மத்தியானமும் இதே வடைதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

'ஒருக்கா வாசிச்சுப் பாத்திருந்தா' என்று நீங்கள் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. அதனால்தான் படிக்கப் போனேன்.

சங்கத்தின் மூலம் ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த நாற்பத்தொரு பக்கத்தையும் தமிழில் ஆக்கித் தந்தார். சம்பந்தி, நான் வாழ்க்கையில் வாசித்த முதல் புத்தகம் அதுதான். வைகாசியில் தொடங்கி ஆவணியில் முடித்தேன். காலையில் யன்னலோரம் இருந்து எழுத்துக் கூட்டுவேன். மேம்பாலத்தால் மெத்ரோ வந்து போகும் சத்தம், கண்ணை மூடினால் அலை வந்து போவதுபோல இருக்கும். முதல் இருபது பக்கம் கதை அவ்வளவு ஓடவில்லை. ஆனால் பின்னிணைப்பு என்று ஒன்று வருகிறது. அதில் வீட்டுக்குள் இருக்கிற சாமான்கள் எல்லாம் எழுதியிருக்கின்றன. தேக்கரண்டி நான்கு. முள்ளுக்கரண்டி நான்கு. வடிதட்டு ஒன்று. கம்பளிப் போர்வை இரண்டு. சட்டம் போட்ட கடல் படம் ஒன்று. ஒவ்வொரு சொல்லாய்க் கூட்டக் கூட்ட, பதினெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறைக்குள் ஒவ்வொரு விளக்காய்ப் போட்டதுபோல வீடு தெரியத் தொடங்கியது. கோசலைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு என்னத்துக்குக் கடல் படம்?" என்றாள். பிறகு, "அந்தப் போர்வைப் பக்கத்தை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள்.

முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு விசயம் கண்டேன். ஆட்கள் வராத காலத்தில், ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கேட்டால், சொந்தக்காரர் வருடத்தில் இரண்டு கிழமை, பதினான்கு நாள், அங்கே தங்கலாம். பதினெட்டு வருடமாக அங்கேயே எழுதிக் கிடக்கிறது. நான் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த சஞ்சீவனும் எங்களுக்குக் குத்தகை முடியும் பக்கத்தை மட்டும் வாசித்துச் சொன்னான். மிருணாளினியைக் கொண்டு எழுதிப் போட்டேன். நவம்பரில் வாருங்கள் என்று பதில் வந்தது.

போனோம். மூன்று நாளும் பனிமூட்டமாய்ப் புகார். கட்டடம் முழுக்க எங்களைத் தவிர ஆள் இல்லை. பல்கனிக் கதவைத் திறந்தால் புகார் விருந்தாளிபோல உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் இருக்கும். கடல் எங்கே என்று தெரியாது, ஆனால் எல்லாப் பக்கமும் கேட்டது. நான் பின்னிணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். கரண்டி நான்கும் இருந்தன. நான் வாசித்த சொல் எல்லாம் இழுப்பறைக்குள் தேக்கரண்டியாய், முள்ளுக்கரண்டியாய் மினுங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. புத்தகத்துக்குள் கால் வைத்து நடந்ததுபோல இருந்தது. வடிதட்டு மட்டும் இல்லை. கீழே போய் முறைப்பாடு செய்தேன். பொறுப்பாளர் டேமியன் தானே ஒரு வடிதட்டோடு படியேறி வந்தார். "பதினெட்டு வருடத்தில் வடிதட்டுக் கேட்ட முதல் சொந்தக்காரர் நீங்கள்தான் மிசியு" என்றார். கோசலை அவரை இருத்திச் சோறு போட்டாள். அந்த வடிதட்டில் வடித்த சோறு.

நான்காம் நாள் புகார் விலகியது. பல்கனியில் நின்று இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் கடல் தெரிகிறது, சேலைக்கரை அளவுக்கு. நான் துவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே புல்லில் யாரோ இருவர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கையை ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். அவர்கள் யாருடைய சம்பந்திகளோ?

இனி நல்ல செய்தி. இரண்டாம் தடவை சோறு சாப்பிட வந்தபோது டேமியன் சொன்னார்: கொம்பனி எங்களுடையதுபோன்ற பின்பக்க வீடுகளைக் கைவிட யோசிக்கிறது. விருப்பமான சொந்தக்காரர்கள் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் ஈடு ஒன்றும் கேட்காமல் குத்தகையை முடித்துக்கொள்ளும். பதினெட்டு வருடம்! ஒரு வடிதட்டால் முடிந்தது! அவர் ஓர் உறையில் தாள்கள் தந்தார். ஒரு திறப்பையும் தந்து, குளிர்காலத்தில் ஆட்கள் இல்லைத்தானே, இப்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மிருணாளினி மேல் தாளை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். விடுதலைப் பத்திரம், சந்தேகமே இல்லை. கீழே, வழக்கம்போல, 'வாசித்தேன், சம்மதித்தேன்' என்று சொந்தக் கையால் எழுத வேண்டும். தமிழில் எழுதலாமா என்று டேமியனிடம் ரெலிபோனில் கேட்டேன். கை உங்களுடையதாக இருந்தால் போதும் என்றார்.

சம்பந்தி, அன்று வரைந்ததை இன்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் என்ன சொல்கிறது என்று தெரிந்து எழுதினேன். புதன்கிழமை முழுக்க அந்த இரண்டு சொல்லும்தான். எழுதி முடித்த பிறகும் கை நிற்கவில்லை. உறைக்குள் இரண்டாவது தாள் ஒன்றும் கிடந்தது. இந்த நாட்டில் எதற்கும் இரண்டு பிரதி கேட்பார்கள்தானே, வியாழக்கிழமை அதிலும் எழுதினேன். அது முந்தியதைவிட அழகாக வந்தது, 'சம்மதித்தேன்' நேர்கோட்டில் நின்றது. நாள் நல்ல நாளா என்று கோசலை பார்த்தாள். நல்ல நாள்தான், தவணையும் தாண்டவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, அதே பேனாவால் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ஆகவே சம்பந்தி, சீதன வீட்டின் திறப்பை இத்துடன் அனுப்புகிறேன். கோசலை அதை ஒரு துணித்துண்டில் வைத்து இந்தத் தாளோடு தைத்திருக்கிறாள், தபாலில் விழாது. வீடு இனி பிள்ளைகளுடையது. என் கடன் தீர்ந்தது.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் குளிருக்கு இரங்க வேண்டும். சம்பந்தி அம்மாவுக்குக் கோசலையின் அன்பு. அவரிடமிருந்து வாங்கிய இடியப்பத் தட்டை அவள் மறக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, இதைத் தானே எழுதிய
தில்லையம்பலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது டேமியன் ரெலிபோன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் எடுக்கிறார், நல்ல மனிதர். உறைக்குள் இருந்த இரண்டாவது தாள் பிரதி இல்லையாம். முதலாவது, குத்தகையை முடிக்க விரும்புகிறவர்களுக்கு. இரண்டாவது, இன்னும் ஒன்பது வருடம் தொடர விரும்புகிறவர்களுக்கு. ஒன்றை நிரப்பி மற்றதைக் கிழித்திருக்க வேண்டுமாம். நான் இரண்டிலும் வாசித்தேன், சம்மதித்தேன் என்று எழுதியிருக்கிறேன். தலைமைக் கந்தோர் எப்போதும் பிந்திய திகதியைத்தான் எடுக்குமாம், அது வியாழக்கிழமைத் தாள். "இவ்வளவு அழகான எழுத்தை நான் கண்டதில்லை மிசியு" என்றும் சொன்னார். ஆகவே மேலே நல்ல செய்தி என்று எழுதியதை நீங்கள் வாசிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுத எனக்கு இன்னும் நான்கு நாள் வேண்டும். நத்தார் விடுமுறைக்கு ஆட்கள் வருகிறார்களாம், திறப்பையும் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

தையலைப் பிரித்துத் திறப்பை எடுத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் அனுப்பச் சொல்கிறாள் கோசலை. நான் மாட்டேன் என்றேன். திறப்பு கையில் வந்த பிறகு கதைப்போம் என்றுதானே நீங்கள் சொன்னீர்கள்? இந்த வரியை வாசிக்கும்போது அது உங்கள் கையில் இருக்கிறது. கொம்பனிக்கு அனுப்பும் முன் எனக்கு ஒருதரம் ரெலிபோன் எடுங்கள். முப்பத்து மூன்றாம் பக்கம் இன்னும் செல்லும். வருகிற பங்குனியில் தங்க நாலு பேருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன், கரண்டியும் நாலு இருக்கிறது. நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த கிழமை இன்னொரு கடிதம் வரும், அதற்கடுத்த கிழமையும் வரும். எனக்கு இப்போது எழுதத் தெரியும்.